என் தம்பிக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

என் தம்பி சினிமாவில் நடித்தவன். இதைச் சொன்னதும் "எந்தப் படம்?" என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னால், "அந்தப் படமா? பார்த்தேனே, அதில் எங்கே வந்தார்?" என்பார்கள். இதற்குப் பதில் சொல்ல எனக்கு அரை மணி நேரம் வேண்டும், கேட்பவருக்குப் பொறுமை வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்ததே இல்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

மொத்தம் மூன்று படங்கள். முதல் படத்தில் அவனுடைய முழங்கை நடித்தது. கல்யாணப் பந்தியில் கதாநாயகிக்குச் சாம்பார் ஊற்றும் ஆள். வாளியும் கையும் திரையில் வந்தன, முகம் வரவில்லை. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பை வைத்து அம்மா கண்டுபிடித்து, தியேட்டரில் எழுந்து நின்று "அதோ, அதோ" என்று கத்தினாள். இரண்டாவது படத்தில் பின்னந்தலை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன். அதற்காக ஒரு பெரிய சலூனுக்குப் போய் முகத்துக்கு என்னென்னவோ பூசிக்கொண்டு வந்திருந்தான். தலை நன்றாகவே தெரிந்தது. மூன்றாவது படத்தின் கதைதான் இது. அதோடு அவன் சினிமா வாழ்க்கை முடிந்தது. இப்போது திருவெறும்பூரில் ஒரு பட்டறையில் பழையபடி வேலைக்குப் போகிறான், கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறான், சௌக்கியமாக இருக்கிறான்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். கீழே நாங்கள், மாடியில் வீட்டுக்காரர்கள். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி டிப்ளமா முடித்ததும் அப்பா தெரிந்தவர் அறிந்தவர் எல்லாரிடமும் சொல்லி அவனைத் திருவெறும்பூர்ப் பட்டறையில் சேர்த்துவிட்டிருந்தார். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்து அவன், "வேலைய விட்டுட்டேன். நடிக்கப் போறேன்" என்றான். ரசம் சாதம் பிசைந்துகொண்டே சொன்னான்.

அப்பா மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு, கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உன் தம்பிகிட்ட சொல்லு. நான் இனிமே அவன்கூடப் பேசறதா இல்லன்னு."

தம்பி கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

அன்றிலிருந்து நான் தபால் ஆபீஸ் ஆனேன். "உன் தம்பிகிட்ட சொல்லு, வண்டிய வாசல்ல குறுக்க நிறுத்த வேணாம்னு." "அக்கா, அப்பாகிட்ட சொல்லு, ஓரமாத்தான் நிறுத்தியிருக்கேன்." "அது ஓரமான்னு கேளு." முதலில் நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அதுவும் தேவைப்படவில்லை. நடுவில் நான் உட்கார்ந்திருந்தால் போதும், அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொள்வார்கள். நான் இல்லாவிட்டால் பேச்சே கிடையாது. ஒருநாள் நானும் அம்மாவும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால் வீடு இருட்டாகக் கிடந்தது. ஃபியூஸ் போயிருக்கிறது. அப்பா கையில் டார்ச், தம்பி கையில் ஃபியூஸ் கம்பி. இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் எனக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டையும் பிடுங்கி நானே போட்டேன்.

தம்பிக்கு நட்சத்திரம் ஆக வேண்டும் என்ற ஆசை நிஜமாகவே இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் ஒன்று மட்டும் அவனுக்கு வேண்டியிருந்தது. "அப்பா பாக்கற மாதிரி ஒரே ஒரு சீன் வந்துட்டாப் போதும்க்கா. அவரே பேசிடுவாரு" என்பான். அப்பாவோ முழங்கைக்கும் வரவில்லை, பின்னந்தலைக்கும் வரவில்லை. கூப்பிட்டால், "மூஞ்சி வரட்டும், பாக்கலாம்" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

அந்த நேரத்தில்தான் ஒரு படக் குழு ஸ்ரீரங்கத்துக்கு வந்து இறங்கியது. உதவி இயக்குநர் ஒருவர், தாடிக்குள் முகம் வைத்திருந்தவர், தம்பியைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். கதாநாயகனின் உயிர் நண்பன் வேடம். "கதையே உங்கள சுத்தித்தான் போகுது பிரதர்" என்றாராம். தம்பி தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தான். அவர்கள் கேட்டது, முதல் தவணையாக, ஒரு நல்ல போட்டோ. நீலச் சட்டை போட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து எடுத்துக் கொடுத்தான். எதற்கு என்று இவனும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எதற்கு என்றால், கதாநாயகன் பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி வருகிறான், பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்ச் சுவரில் நண்பனுக்கு ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்க்கிறான், அப்படியே மண்டியிட்டு விழுகிறான். அதற்குத்தான்.

படத்துக்கு வேண்டியது ஒரு சுவர்தான். ஆனால் அச்சகத்தில் ஒரு போஸ்டரா அடித்துத் தருவார்கள்? ஒரு கட்டு அடித்தார்கள். ஒட்டுவதற்கு ஊரில் வழக்கமாக ஒட்டுகிறவரையே கூப்பிட்டார்கள். அவர் தொழில் தெரிந்த மனிதர். கண்ணீர் அஞ்சலி என்றால் எங்கெங்கே ஒட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. இறந்தவர் தெரு, பஸ் ஸ்டாண்டு, அவர் வேலை பார்த்த இடம், வீட்டில் சம்பாதிக்கிறவர் யாராவது இருந்தால் அவர் வேலை பார்க்கும் இடம், கடைசியாகச் சுடுகாட்டுக்குப் போகிற வழி. தாடிக்காரரிடம், "பையன் வீடு எங்க சார்? எங்க வேலை பாத்தாப்ல? அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டிருக்கிறார். நடிகரைப் பற்றித்தான் ஆசையாக விசாரிக்கிறார் என்று நினைத்த தாடிக்காரர், அம்மா மண்டபம், திருவெறும்பூர், பொன்மலை என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. ஒட்டியவர் ஒரு இடத்தைக்கூட விடவில்லை. விடிவதற்குள் என் தம்பி திருச்சி முழுக்கச் செத்துப்போனான்.

போஸ்டரில் இருந்த பெயர் கதைப்படி வேறு. ஆனால் பெயரை யார் படிக்கிறார்கள்? முகத்தைப் பார்ப்பது, "அடடா, சின்ன வயசு" என்பது, மேலே நடப்பது. இதுதான் நம் வழக்கம்.

முதல் போன் பொன்மலைக் குவார்ட்டர்ஸில் இருந்த என் மாமாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது. எடுத்ததும் அவர் ஓவென்று அழுதார். அவர் வீட்டில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து அம்மாவும் அழுதாள். "மனசத் தேத்திக்குங்கண்ணே, நம்ம கையில என்ன இருக்கு?" என்று ஆறுதல் வேறு சொன்னாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எப்ப எடுக்கறீங்க?" என்றார். அம்மா "எத?" என்றாள். அதற்குள் அடுத்த அழைப்பு, அதற்கடுத்தது. அவள் போன் ஓயவே இல்லை. என் போன் சார்ஜில் கிடந்தது, நான் குளித்துக்கொண்டிருந்தேன். தம்பி போனை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். நடிகர்கள் எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார்களாம்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் மாடி வீட்டு மாமி வாசற்படிக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் பார்த்திருக்கிறாள். படி ஏறி உள்ளே வரவில்லை, தீட்டு.

"கொழந்தை பரமபதிச்சுட்டானாமேடீ! நேத்திக்குச் சாயங்காலம்கூட மாடில துணி உலர்த்திண்டிருந்தானே. பெருமாளே, இதென்ன சோதனை!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் என்று கேட்டேன். மாமி உள்ளே கை காட்டினாள். கூடத்தில் தம்பி வாயைத் திறந்துகொண்டு மல்லாக்கப் படுத்திருந்தான். மாமி அவனையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூச்சு வரதோ?" என்றாள்.

தம்பியை உதைத்து எழுப்பினேன். விஷயத்தைக் கேட்டதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினான். அங்கே போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் அவனைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார்களாம். திரும்பி வந்தவன் முகத்தில் கலவரம் இருந்தது, அதற்குக் கீழே ஒரு சந்தோஷமும் இருந்தது. "போட்டோ நல்லா வந்திருக்குல்லக்கா?" என்றான். அம்மா கையிலிருந்த கரண்டியாலேயே ஒன்று வைத்தாள். வைத்த கையோடு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. காலை ஷிப்டுக்கு அவர் இருட்டோடு கிளம்பிப் போயிருந்தார். போனை எடுத்துப் பார்த்தால் வரிசையாக அவர் அழைத்திருந்தார். நான் திருப்பிக் கூப்பிடுவதற்குள் மொபெட் சத்தம் சந்துக்குள் கேட்டது.

வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை. சுவரில் சாய்த்தார், அது சரிந்து விழுந்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் கூட்டாளிகள் எல்லாரும் நிற்க, அந்தச் சுவரில் அவர் பார்த்திருக்கிறார். அங்கிருந்து காவிரிப் பாலம் தாண்டி எப்படி வண்டியை ஓட்டி வந்தார் என்று அவருக்கே பிற்பாடு சொல்லத் தெரியவில்லை. உள்ளே வந்தவர் கூடத்தின் நடுவில் நின்ற தம்பியைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் தம்பிகிட்ட சொல்லு. இனிமே செத்தா வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாவச் சொல்லு."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, சட்டையெல்லாம் சிந்தியது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த நிலைமையிலும் பேச மாட்டேன் என்கிறாரே என்று கோபமாகவும் இருந்தது. தம்பி சுவரோடு ஒட்டி நின்று அழுதான்.

பின்னாலேயே அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். வழியில் காந்தி மார்க்கெட்டில் நிறுத்தி ஆளுயர ரோஜா மாலை ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். தம்பியே போய், "வாங்க மாமா" என்றான். முன்னால் இருந்தவர் மாலையோடு இரண்டடி பின்னால் போனார். உண்மை தெரிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகு அந்த மாலையை என்ன செய்வது என்பது பெரிய பிரச்சினை ஆனது. சாவுக்கு வாங்கியதைச் சாமிக்குப் போட முடியாது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று அம்மா. காவிரியில் விட்டுவிடலாம் என்று மாமி. காபி ஆறும்வரை இதைப் பேசினார்கள். மாமியும் இப்போது உள்ளே வந்து காபி சாப்பிட்டாள். கடைசியில் வாங்கி வந்தவரே அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மா மண்டபத்துக்குப் போய் ஆற்றில் விட்டுவிட்டுத் தலை முழுகிவிட்டு வந்தார். "பையன் தங்கமான பையன்" என்று போகும்போது சொன்னார். அதுவரைக்கும் அவனை 'உருப்படாதவன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அம்மா ஒரு வாளித் தண்ணீரும் தோசைக் கரண்டியும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள். மைதாப் பசை லேசில் விடாது. பெற்றவள் ஒருத்தி மகனின் அஞ்சலி போஸ்டரைச் சுரண்டிச் சுரண்டிப் பிய்ப்பதைப் பார்த்தவர்கள், அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். மத்தியானம் அதற்குத் தனியாகத் துக்கம் விசாரிக்க ஆள் வந்தது.

சாயங்காலம் தாடிக்காரர் ஆப்பிள் பையோடு வந்து கைகட்டி நின்றார். மன்னிப்புக் கேட்டார். கேட்ட வாயோடு, அடுத்த வாரம் பச்சைமலையில் ஃப்ளாஷ்பேக் எடுக்கிறோம், தம்பி வர வேண்டும் என்றார். அம்மா, "ஒரு தடவ கொன்னது பத்தாதா? இனிமே அவன் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான்" என்றாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா பழக்க தோஷத்தில் என்னிடம் சொன்னார். "அவரக் கேளு. அந்த சீன்ல இவன் உயிரோட இருக்கானா?"

"முழுக்க உயிரோடதான் சார் இருக்காரு" என்றார் தாடிக்காரர்.

"மூஞ்சி தெரியுமான்னு கேளு."

"குளோசப் சார். ஒரு பக்கம் டயலாக்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "போகட்டும்" என்றார். கூட யாராவது போக வேண்டும், நடுவில் மனம் மாறிக் கொன்றுவிட்டால் தடுக்க ஆள் வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். எனக்கு லீவு கிடையாது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு வாங்கற வேலை இருக்கு" என்றார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கிழங்குக்காக மலை ஏறியதில்லை.

துறையூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு எப்போதோ வருகிற இன்னொரு பஸ். இரண்டிலும் அப்பா முன் சீட்டு, தம்பி பின் சீட்டு. கண்டக்டர் மூலமாகவே "இறங்கற எடம் வந்துருச்சு" என்று சொல்லி அனுப்பினாராம் அப்பா. பாறை மேல் கதாநாயகனும் தம்பியும் உட்கார்ந்து பேசுகிற காட்சி. வீட்டில் ஒரு வாரம் ராவும் பகலும் சொல்லிப் பார்த்ததால் எங்களுக்கே, மாடி மாமிக்கே, அந்த வசனம் மனப்பாடம். அன்றைக்கு நன்றாக வந்ததாம், முடிந்ததும் கை தட்டினார்களாம். தம்பி உடனே அப்பாவைத் தேடியிருக்கிறான். அப்பா கீழே சரிவில் கிழங்குக் காட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு விவசாயியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"அவரு பாக்கவே இல்லக்கா" என்றான் வந்ததும். நான் அப்பாவிடம் நேராகவே கேட்டேன், எப்படி நடித்தான் என்று. "மலையில பஸ் வசதியே சரியில்ல" என்றார். சாக்கு நிறையக் கிழங்கு வந்திருந்தது. அவியல், வறுவல், அடை, புட்டு. அம்மா அதில் போடாதது காபி மட்டும்தான். ஒவ்வொரு துண்டைக் கடிக்கும்போதும் எனக்கு அப்பா மேல் எரிச்சலாக வந்தது. தம்பியோ, "பரவால்லக்கா, தியேட்டர்ல பாப்பாருல்ல" என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

சில மாதம் கழித்துப் படம் வந்தது. கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அப்பாவும் கிளம்பினார். ஜங்ஷன் பக்கம் இருக்கும் தியேட்டர். அம்மா, தம்பி, நான், அப்பா என்று உட்கார்ந்தோம். நடுவில் நான் இல்லாமல் முடியுமா?

போஸ்டர் காட்சி சீக்கிரமே வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கதாநாயகன் மண்டியிட்டு விழுந்தான், தியேட்டரே கப்சிப். பின் வரிசையில் ஒரு பெண், "பாவம், சின்னப் பையன்" என்றாள். அம்மா திரும்பி, "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கான். இந்தா இருக்கான் பாரு" என்று தம்பியின் தாடையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தம்பியும் சிரித்தான். இடைவேளையில் அவனே எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிவந்தான். "அடுத்து மலதான்" என்றான்.

மலை வந்தது. அதே பாறை. கதாநாயகன் மட்டும் தனியாக உட்கார்ந்து தூரத்தில் பார்த்தான். காற்று அடித்தது, புல்லாங்குழல் வாசித்தார்கள். தம்பி நுனி சீட்டுக்கு வந்துவிட்டான். அடுத்து ஒரு மீன் மார்க்கெட்டில் சண்டை. அதற்கப்புறம் பாட்டு. "இன்னும் வரலையே, இன்னும் வரலையே" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கும் புரிந்துவிட்டது என்று அவன் உட்கார்ந்திருந்த விதத்தில் தெரிந்தது. காட்சியை வெட்டுகிறவர்கள் ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். அந்தத் தாடி மட்டும் அன்று கையில் சிக்கியிருந்தால் பிய்த்தே இருப்பேன்.

படம் முடிந்து விளக்கு போட்டார்கள். கூட்டம் எழுந்து போனது. தம்பி எழுந்திருக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு கையில் பப்ஸ் காகிதத்தை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தான். கூட்டிப் பெருக்குகிற பெண்மணி முன் வரிசையிலிருந்து துடைப்பத்தோடு வர ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அப்பா எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார், என் பக்கம் திரும்பினார். என்ன சொல்லி அனுப்பப்போகிறாரோ, அதை எப்படி மாற்றிச் சொல்வது என்று நான் அவசரமாக யோசித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் குறுக்கே கையை நீட்டித் தம்பியின் முழங்காலில் வைத்தார்.

"நான் பாத்தேன்டா. கிழங்குக் காட்டுலேர்ந்து அம்புட்டையும் பாத்தேன். நல்லாத்தான் பண்ணின. ஒரு வரிய மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிட்ட."

தம்பி நிமிர்ந்தான்.

"எந்த வரிப்பா?" என்றான்.